தூங்கி எழுந்து சொன்ன சம்மதம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மொரீஷியஸ் தீவின் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீய் என்கிற ஊரில், மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த துணிக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கும் டிசம்பர் மாதம். கரும்பு வெட்டு முடிந்து, ஊரே புது வருஷத்துக்குத் துணி எடுக்கக் கிளம்பியிருந்த ஒரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையையும் அதற்கு மறுநாளையும் நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கூடவே சிரிப்பும் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில் தமிழர்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சு கலந்த கிரியோல்தான். தமிழ் கோயிலில் இருந்தது, சாமி பாட்டில் இருந்தது, அத்தை மாமா என்று கூப்பிடுவதில் இருந்தது. அன்று நடந்த பேச்சையெல்லாம் நான் பிற்பாடு ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட தமிழில் சொல்கிறேன். இடையில் ஒரு கிரியோல் வார்த்தை எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் துணிக்கு ரேஷன். கப்பல் எதைக் கொண்டுவந்ததோ அதைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊரில் பாதிப் பேர் ஒரே சீட்டித் துணியில் திரிந்த காலம் அது. யுத்தம் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியதும் வாயில், பாப்ளின், ஜார்ஜெட் என்று விதவிதமான துணியால் கடை நிரம்பி வழிந்தது. பாவம் ஜனங்கள், இத்தனை நிறத்தை ஒரே இடத்தில் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. எதை எடுப்பது என்று தெரியாமல் திகைத்துப்போய் நிற்பார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "மாம்செல், நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்பார்கள். மாம்செல் என்றால் கல்யாணமாகாத பெண்.

நான் எடுத்துக் கொடுத்த துணி நன்றாக அமைகிறது என்று எப்படியோ பேர் வந்துவிட்டது. கைராசியாம்! மகளுக்கு நீலமா பச்சையா, பெரிய பூவா சின்னப் பூவா, மாமியாருக்கு எடுத்ததைவிட நாத்தனாருக்கு எடுப்பது ஒரு படி மட்டமாகத் தெரியலாமா, துக்க வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புவதற்குள் சிவப்புக் கட்டலாமா, எல்லாவற்றுக்கும் நான்தான் கோர்ட்டு, நான்தான் ஜட்ஜு. முதலாளிக்கு ஏக சந்தோஷம். "பொண்ணுகிட்டக் கேளுங்க, பொண்ணுகிட்டக் கேளுங்க" என்று கூட்டத்தையே என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தக் கடை என்றால் எனக்கு உயிர்.

ஆனால் சாயங்காலம் கடையை மூடும்போது மண்டைக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ராத்திரிக்குப் பருப்பு வைக்கட்டுமா, கீரை வதக்கட்டுமா?" என்று கேட்பாள். பருப்பா கீரையா, அவ்வளவுதான் கேள்வி. எனக்குப் பொலபொலவென்று அழுகை வந்துவிடும். "எதையாவது வைம்மா, என்னைக் கேக்காத!" என்று கத்துவேன். சனிக்கிழமை ஆனால் பெண்ணுக்கு ஏதோ பிடித்துக்கொள்கிறது என்று அம்மா கோயிலில் விபூதி மந்திரித்து வாங்கி வைத்திருந்தாள்.

இப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான், அதுவும் வருஷத்திலேயே கூட்டம் அதிகமான சனிக்கிழமை, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் அப்பாவுக்கு நாள் பார்க்கத் தெரிந்த லட்சணம் அது!

மாப்பிள்ளை ரோஸ் பெல் ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல்காரர். எங்கள் ஊர்ப் பக்கத்து ரயில் பாதை அந்த ஊரில்தான் பெரிய பாதையோடு சேரும். அப்பா அம்மா இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அத்தை. நான் அவரைக் காவடித் திருவிழாவில் ஒரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன். வெயிலில் காவடி எடுத்து வந்தவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரோ ஏதோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அண்ணியைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அண்ணி, அதாவது என் அண்ணன் பெண்டாட்டி, இரண்டு புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எதைக் கட்டிக்கிற? சீக்கிரம் சொல்லு."

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். காலையிலிருந்து ஊருக்கே துணி தேர்ந்தெடுத்தவள், எனக்கென்று ஒன்றைச் சொல்ல முடியாமல் நின்றேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அவளே ஒன்றைச் சுற்றிவிட்டாள்.

கூடத்தில் போய் உட்கார்ந்தேன். வனிலா போட்ட தேநீரும், காத்தோ பிமான் என்று நாங்கள் சொல்லும் மிளகாய் வடையும் வைத்திருந்தார்கள். அத்தைக்காரி வந்த வேகத்தில் கேள்வியை ஆரம்பித்தாள்.

"கல்யாணத்தைத் தை மாசமே வெச்சிக்கலாமா, இல்ல சித்திரைக்கா?"

"உங்க இஷ்டம்" என்றேன்.

"எங்க வீட்ல வெள்ளிக்கிழமை மட்டுமில்ல, செவ்வாயும் விரதம். முடியுமா?"

"சரிங்க."

"கடைக்குப் போறதெல்லாம் நிறுத்திடணும். ரயில்வேக்காரன் பெண்டாட்டி துணி அளந்து குடுக்கறாளாம்னு நாலு பேர் பேசக் கூடாது."

"சரிங்க."

கதவுக்குப் பின்னால் அண்ணி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அப்பாவே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தார். நான் அடக்கமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பயந்தும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு உள்ளே ஆளே இல்லை. பேச்சு எப்படியாவது முடிந்தால் போதும், படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. என் வாழ்க்கையைத் துணி மாதிரி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், எனக்கு உறைக்கவே இல்லை.

அதுவரை பேசாமல் இருந்த மாப்பிள்ளை மெல்ல வாயைத் திறந்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? கல்யாணம் ஆனதும் மடகாஸ்கர் போய் இருந்துக்கலாம்னு பாக்கறேன். உங்களுக்குச் சம்மதமா?"

"சரிங்க" என்றேன்.

"இல்லன்னா, மடகாஸ்கர் வேணாம். போர்ட் லூயிஸ்ல, ரோஷ் புவா பக்கம் துறைமுகத்து வேலைக்குப் போயிடறேன். அங்கயே இருக்கலாமா?"

"சரிங்க."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மன்னிச்சிக்குங்க மாமா. இந்தச் சம்மதத்தை நான் வாங்கிக்க மாட்டேன்."

ஐயோ, வீடு ரெண்டுபட்டுப் போனது! அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ணு எல்லாத்துக்கும் சரின்னு சொன்னப்புறம் வேணாங்கறீங்களா? எங்களை என்னன்னு நெனச்சீங்க?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அம்மா "முருகா, முருகா" என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள். அத்தைக்காரி மருமகன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எவ்வளவு பணிவான பொண்ணு! உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடா?"

அவர் கோபப்படவில்லை. "நான் வேணாம்னு சொல்லல மாமா. எங்க சிக்னல் கேபின்ல ஒரு பழக்கம் உண்டு. பொழுதன்னிக்கும் லீவர் இழுத்து, மணி அடிச்சு, வேலை முடியற நேரத்துல எதைக் கேட்டாலும் சரி சரின்னு கை பாட்டுக்கு இழுத்துடும். அதனால அந்த நேரத்துல புதுசா ஒரு பாதையைத் திருப்பணும்னா, மாத்து ஆள் வந்து பாக்கற வரைக்கும் தொட மாட்டோம். இவங்க இப்போ அந்த மாதிரி இருக்காங்க. நல்லாத் தூங்கட்டும். காலைல எழுந்து என்ன சொன்னாலும் சரி. வேணாம்னு சொன்னாலும் தப்பா நெனைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். துறைமுகத்துக்குச் சர்க்கரை மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகள் இரவில் ஓடுமாம், அன்று அவருக்கு இரவு வேலை. அத்தைக்காரி வாசல்படி இறங்கும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் ரோஸ் பெல்லுலயே இன்னொரு பொண்ணு வீட்ல வரச் சொல்லியிருக்காங்க. அங்கயாவது வாயை மூடிட்டு இரு."

வீட்டில் ஒரே புலம்பல். நான் கட்டின புடவையோடு பாயில் விழுந்தவள்தான். இடி விழுந்திருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

காலையில் கண் விழித்தபோது மண்டை கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. தலை சீவிக்கொண்டே முந்தின நாள் பேசினதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். கடையை விட்டுவிடுகிறேன் என்று நானா சொன்னேன்? என் வாயா அதைச் சொன்னது? சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அதே நிமிஷம் இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அந்த மனுஷர் எனக்கு வேண்டும். இவ்வளவு தூரம் என்னைக் கவனித்துப் பார்த்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? கடையும் வேண்டும், அவரும் வேண்டும். இரண்டில் ஒன்றையும் விடமாட்டேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மசியவில்லை. "எழுந்து போனவன் வீட்டுக்கு நான் ஆள் அனுப்பணுமா? என் தலையே போனாலும் முடியாது" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் ஆனால் அந்த அத்தை இன்னொரு வீட்டில் பாக்கு வெற்றிலை மாற்றிவிடுவாள். எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது.

அண்ணி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள். "முதல் ரயில் இன்னும் போகல. வரியா?"

"அண்ணி! பொண்ணே போய்ச் சொல்றதா? ஊர் சிரிக்காதா?"

"சிரிச்சிட்டுப் போகட்டும். நீ காலம் பூரா அழுதுட்டு இருக்கறதுக்கு அது மேல்."

ரோஸ் பெல் கோயிலுக்குப் போய் வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருநீறு பூசிவிட்டாள். ஸ்டேஷனுக்கு ஓடினோம் பாருங்கள், அப்படி ஓடினோம்! வண்டி ஊதிக் கிளம்புகிற நேரத்தில் அண்ணி முதலில் ஏறி என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இரண்டு பக்கமும் வெட்டி முடித்த கரும்புக் காடு ஓடியது. எனக்கு ரயில் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது.

ரோஸ் பெல்லில் இறங்கினோம். பிளாட்பாரத்துக் கோடியில் மரப்படி வைத்த உயரமான சிக்னல் கேபின். கண்ணாடிக்குள் அவர் தெரிந்தார். படியில் ஏறக் கூடாது என்று போர்ட்டர் தடுத்துவிட்டார். கீழேயிருந்து கூப்பிடலாம் என்றால், என்னவென்று கூப்பிடுவது? பேர் சொல்ல முடியாது. "ஏங்க" என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை. "மிஸ்யே! மிஸ்யே!" என்று கத்தினேன், யாரோ பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி.

அவர் எட்டிப் பார்த்தார். கண் அகல விரிந்தது. உடனே உள்ளங்கையைக் காட்டி இரு என்று சைகை செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுரீர் என்றது. இவ்வளவு தூரம் மானத்தை விட்டு ஓடி வந்தவளுக்குக் கையைக் காட்டுகிறாரே! அப்புறம்தான் மணி அடித்தது, கைகாட்டி இறங்கியது, எதிர்ப்பக்கத்து வண்டி தடதடவென்று உள்ளே வந்தது. அது நிற்கிற வரைக்கும் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மாத்து ஆள் மேலே போன பிறகு படியிறங்கி வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. முகத்தில் கரி.

ஜன்னலெல்லாம் தலைகள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"நல்லாத் தூங்கினேன்" என்றேன். "தூங்கி எழுந்து சொல்றேன். எனக்குச் சம்மதம். ஆனா கடையை விட மாட்டேன். மத்ததெல்லாம் பேசிக்கலாம், அது மட்டும் முடியாது."

"சரி" என்றார் அவர், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் நின்ற நிலையைப் பார்த்தேன். படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா வேலையா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"கண்ணு சொருகுது."

"கொஞ்சம்."

"அப்போ இந்தச் சரியை நான் வாங்கிக்க மாட்டேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! "நாளைக்கு உங்க அத்தை சண்டை போட்டா, களைப்புல சொல்லிட்டேன்னு ஆயிடும். போய்த் தூங்குங்க. எழுந்து சொல்லுங்க."

அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள். "பைத்தியமே, கெடைச்சதை வாங்கிக்கடி!"

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, காவடித் திருவிழாவில் சிரித்த அதே மாதிரி சிரித்தார். "தூங்கினா அத்தை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்களே."

"நாங்க காவல் இருக்கோம்" என்றாள் அண்ணி.

காவல் இருந்தோம்! ஸ்டேஷனுக்குப் பின்னால் அவருடைய சின்ன வீடு. எங்களைப் பார்த்ததும் அத்தைக்காரி, "போன்ஜியே! கடவுளே!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர் "தூங்கி எழுந்து பேசறேன் அத்தை" என்று ஒரே வார்த்தையில் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே நாங்கள் மூன்று பெண்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அத்தைக்காரியின் முறத்திலிருந்த பீன்ஸை எடுத்து நான் நார் உரிக்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவும் இல்லை, நன்றாக இரு என்று சொல்லவும் இல்லை.

மத்தியானம் நெருங்கியதும் அவள் போய்க் கதவைத் தட்டினாள். "நேரமாச்சுடா, அந்த வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்க." உள்ளேயிருந்து குறட்டைதான் பதில். மறுபடி தட்டினாள். குறட்டை இன்னும் பலமாக வந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் அப்பா! ரோஸ் பெல் கோயில் என்றதுமே விஷயம் புரிந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து, கோபத்தில் உதடு துடிக்கிறது.

"எழுந்து வா வீட்டுக்கு!"

"அப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். "நேத்து நான் சொன்னது எதுவும் என் மனசு சொன்னதில்ல. நீங்க யாரும் கண்டுபிடிக்கல. அவர் கண்டுபிடிச்சார். அவர் தூங்கி எழட்டும். வேணாம்னு சொன்னா மறு பேச்சு இல்லாம வந்துடறேன்."

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். என்னை அடித்தது கிடையாது, அன்று அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அத்தைக்காரி என்ன நினைத்தாளோ, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உட்காருங்க. அவன் தூங்கினா கும்பகர்ணன்" என்றாள். அப்பா உட்கார்ந்தார். நான்கு பேரும் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை குறட்டை நின்றபோதும் என் மூச்சும் நின்றது. தூங்கி எழுந்து மனசு மாறிவிட்டால்? நானே கையில் கிடைத்ததைத் தட்டிவிட்டேனே!

தாழ்ப்பாள் விலகியது. தலை கலைந்து, கன்னத்தில் பாய்த் தழும்போடு வெளியே வந்தவர் அப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டார். நேராகப் போய்க் குழாயடியில் முகம் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். ரயில்வேயில் டெலிபோனில் வரும் சேதியை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார்களாம். அதே மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"உங்களுக்குச் சம்மதம். கடையை விட மாட்டீங்க. மத்தது பேசிக்கலாம். நான் காதுல கேட்டது இதுதானே?"

"இதுதான்."

"தூங்கி எழுந்து சொல்றேன். எனக்குச் சம்மதம்." அத்தை பக்கம் திரும்பினார். "அத்தை, அவங்க கடைக்குப் போவாங்க. நாலு பேர் பேசினா நான் பதில் சொல்லிக்கறேன்."

அத்தைக்காரி என்னையும், நான் உரித்துக் குவித்த பீன்ஸையும் பார்த்தாள். "சரி, சாப்பிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான் எங்கள் நிச்சயதார்த்தம்! அப்பா அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தையிலேயே கல்யாணம் நடந்தது. நான் காலை ரயிலில் கடைக்குப் போய் மாலை ரயிலில் திரும்பினேன். எங்கள் வீட்டில் எந்தக் கிழமைக்கு என்ன சமையல் என்பது முன்னாலேயே முடிவு. திங்கள் என்றால் பருப்பு, செவ்வாய் என்றால் கீரை, கேள்வியே கிடையாது. கடையிலும் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். வந்தவர்கள் முன்னால் துணியை மலையாகக் குவிக்காமல் மூன்றே மூன்று சுருளைத்தான் விரிப்பேன். அவர்களே சந்தோஷமாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி முதலில் முறைத்தார், அப்புறம் பழகிக்கொண்டார். பெரிய விஷயம் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பேசுவோம். பின்னால் சர்க்கார் தீவில் ரயிலையே நிறுத்த, அவர் வேறு வேலைக்கு மாற வேண்டி வந்தபோதும் அப்படித்தான். தீவுக்குச் சுதந்திரம் வேண்டுமா என்று ஊரே அடித்துக்கொண்ட அந்தத் தேர்தலிலும், பொழுது விடிந்ததும் வரிசையில் முன்னால் போய் நின்றவர்கள் நாங்கள்தான். ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் காலைத் தேநீர் குடித்தோம்.

இத்தனை வருஷத்தில் எனக்கு முடியாது, கிடையாது என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். அவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். தனக்குச் சாதகமாக நான் சொன்ன சம்மதத்தை, அது என் மனசிலிருந்து வரவில்லை என்று தெரிந்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஒருவர் மேல் ஒருவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.